உயிர்க் காலேஜில் ஓர் இரவு

சென்னை மாநகரத்து எளிய மக்கள் பெயர் சூட்டுவதில் வல்லவர்கள். எழும்பூரில் உள்ள அரசினர் பொருட்காட்சிச் சாலைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘செத்த காலேஜ்’ என்பது. மூர் மார்க்கெட்டுக்கு அருகே முன்னாளில் இருந்த விலங்குக் காட்சிச் சாலைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘உயிர்க் காலேஜ்’ என்பது. கற்றவர் சூட்டிய நீண்ட பெயர்கள் வாயிற்பலகையிலேயே தங்கிவிட்டன; கல்லாதவர் சூட்டிய இவ்விரு பெயர்களும் மக்கள் நாவில் வாழ்ந்தன. செத்தவற்றைக் காட்டிக் கற்பிப்பதும் ஒரு கல்லூரியே, உயிருள்ளவற்றைக் காட்டிக் கற்பிப்பதும் ஒரு கல்லூரியே என்னும் உண்மையை இதனினும் சுருங்கச் சொல்ல யாரால் இயலும்?

இவ்விரு காலேஜ்களும் ஒரு வயிற்றில் பிறந்தவை என்பதைப் பலர் அறியார். 1851ஆம் ஆண்டில் தோன்றிய பொருட்காட்சிச் சாலைக்கு முதல் தலைவராக விளங்கியவர் எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர். பாடம் செய்து வைத்த விலங்குகளோடு உயிருள்ள விலங்குகள் சிலவற்றையும் அவர் அங்கே வைத்தார். அவற்றைக் காண மக்கள் திரண்டனர். அந்தத் திரளே 1855இல் விலங்குக் காட்சிச் சாலை பிறப்பதற்குக் காரணமாயிற்று. பின்னர் அது பூங்கா நகருக்குச் சென்றது. 1985இல் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் புலியைவிட, மூச்சு விடும் புலிக்குட்டியே மக்களை இழுக்கும் என்பதைப் பால்ஃபர் அன்றே அறிந்திருந்தார் போலும்!

மாணவர்களே, நான் இங்கே கூற வந்தது இவ்விரண்டையும் பற்றியன்று. இந்நகரில் மூன்றாவது காலேஜ் ஒன்று உண்டு. அதற்குக் கூரை இல்லை, சுவர் இல்லை, வாயிற்காவலர் இல்லை. ஆண்டில் மூன்று நான்கு திங்கள் மட்டுமே அது நடக்கும். அதுவும் இரவில் மட்டுமே நடக்கும். நம் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் அதனுள் அடி எடுத்து வைத்ததில்லை. வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

மேலை நாடுகளில் ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. மாலையில் பொருட்காட்சிச் சாலையின் கதவுகள் பொதுமக்களுக்கு மூடப்பட்டபின், பிள்ளைகள் பாயும் போர்வையும் சுமந்துகொண்டு உள்ளே வருகின்றனர். விளக்குகள் அணைக்கப்படுகின்றன. கைவிளக்கின் சிறிய ஒளியில் அவர்கள் கூடங்களைச் சுற்றி வருகின்றனர், கதை கேட்கின்றனர், ஐயம் வினவுகின்றனர், பிறகு விலங்குகளின் நடுவிலேயே படுத்துறங்கிக் காலையில் வீடு திரும்புகின்றனர். அமெரிக்க நாட்டில் ஒகையோ மாநிலத்துக் கொலம்பசு நகரத்தின் அறிவியல் கூடமொன்று 1972ஆம் ஆண்டிலேயே இதனைத் தொடங்கிவிட்டது. நியூயார்க் நகரத்து இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சிச் சாலையில் 94 அடி நீளமுள்ள நீலத் திமிங்கில உருவத்தின் கீழே பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருக்கின்றனர். இலண்டன் மாநகரிலும் அத்தகைய இரவுகள் நடைபெற்றுள்ளன. அங்கே நடுக்கூடத்தில் தொங்குவது உருவம் அன்று, ஏறத்தாழ 25 மீட்டர் நீளமுள்ள உண்மைத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு.

இதனை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிடலாகாது. பகற்பொழுதில் பொருட்காட்சிச் சாலைக்குச் செல்லும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்களா? பார்ப்பதென்ன, நீங்களே சென்றிருப்பீர்கள். இருவர் இருவராகக் கைகோத்து நுழைவீர்கள். ‘நட, நட’ என்று ஆசிரியர் பின்னாலிருந்து குரல் கொடுப்பார். நூறு பெட்டிகளைக் கண்டபின் வெளியே வந்து, எதைக் கண்டாய் என்று கேட்டால், ‘எல்லாவற்றையும் கண்டேன்’ என்பீர்கள். எல்லாவற்றையும் கண்டேன் என்பவன் எதனையும் காணவில்லை. இருளிலோ, கைவிளக்கின் ஒளி எதன்மேல் விழுகிறதோ அது ஒன்றே கண்ணுக்குத் தெரியும். ஒன்றைக் காண்பதற்கு மற்றவை மறைய வேண்டும். அந்த மறைப்பை இருள் செலவின்றிச் செய்துவிடுகிறது. இரவுப் பள்ளியின் பெருமை இதில்தான் இருக்கிறது.

எழும்பூரிலும் இத்தகைய இரவுகள் வேண்டும் என்போர் உளர். நானும் அதனை வேண்டாம் என்று கூறேன். அங்கும் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு உண்டு. ஆயினும் நமக்கு இன்னும் சிறந்த வாய்ப்பு ஒன்று இருக்கும்போது, அதனை விட்டுவிட்டு மேலை நாட்டாரின் வழியை அப்படியே பின்பற்ற வேண்டுமா என்று எண்ணிப் பார்க்கிறேன். கூடங்களில் வைத்தவை நிலையானவை என்றும் சொல்வதற்கில்லை. புதுடில்லியில் 1978ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள், பிள்ளைகளின் கல்விக்கென்றே சிறப்பாகத் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சிச் சாலை, 2016ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் இரவில் மூண்ட தீயில் வெந்து போயிற்று. பல்லாண்டு தேடிச் சேர்த்தவை சில மணி நேரத்தில் சாம்பலாயின.

நான் கூறும் மூன்றாவது காலேஜ் எங்கே இருக்கிறது? அடையாறு கடலோடு கலக்கும் இடத்திற்குத் தெற்கே, பெசன்ட் நகரத்தின் அடுக்கு மாளிகைகளுக்கும் அலைகளுக்கும் இடையே, ஊரூர் ஒல்காட் குப்பம் என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. ஒல்காட் என்னும் பெயர், அடையாற்றுப் பிரம்மஞான சபையின் முதல் தலைவரும், 1894இல் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கியவருமாகிய கர்னல் ஒல்காட்டை நினைவூட்டுவது. அக்குப்பத்துப் பெரியவர்கள் காற்றின் பெயரையும் திசையையும் ஏட்டைப் பாராமலே சொல்வார்கள். வாடை, கொண்டல், தென்றல், கச்சான் என்று அவர்கள் அடுக்கும்போது, நாம் ‘காற்று’ என்னும் ஒரே சொல்லால் காலம் தள்ளுவது நினைவுக்கு வந்து நாணம் உண்டாகிறது. அக்குப்பத்தை அடுத்த மணற்பரப்பில், தை பிறந்தபின், வேலி கட்டிய சிறிய இடம் ஒன்று எழும். அதுவே கடலாமை முட்டைகளின் பொரிப்பகம்.

நம் கரைக்கு வரும் ஆமைக்கு மீனவர் வழங்கும் பெயர் பங்குனி ஆமை என்பது. பங்குனித் திங்களை ஒட்டி வருவதால் அப்பெயர் பெற்றது. ஓடு இரண்டடிக்கு மேல் நீளம் இருக்கும். எடை 40 கிலோவை ஒட்டி இருக்கும். ஆண் ஆமை கடலுக்குச் சென்றபின் கரைக்குத் திரும்புவதே அரிது. பெண் ஆமையோ, தான் பொரிந்த கரைப்பகுதியை நாடிப் பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வருகிறது. எந்த அடையாளத்தைக் கொண்டு அது வழி அறிகிறது? புவியின் காந்தப் புலம் அதற்கு வழிகாட்டுகிறது என்று அறிஞர் கண்டுள்ளனர். நம் தெருமுனையில் வழி கேட்டுத் திகைக்கும் நமக்கு இது வியப்பன்றோ?

இக்கரையில் ஆமைகளைத் தேடி இரவில் நடக்கும் வழக்கம் 1970களில் தோன்றியது. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவரோடு சேர்ந்த இளைஞர் சிலரும் அதனைத் தொடங்கினர். அவர்களுள் ஒருவர் சதீசு பாஸ்கர் என்பவர். பொறியியல் கற்க வந்து கடலையே கற்றவர். இந்தியக் கரைகளையும் தீவுகளையும் அவர் கால்நடையாகவே அளந்தார் என்று சொல்லலாம். 1982இல் இலட்சத்தீவைச் சேர்ந்த ஆளில்லாத் தீவொன்றில் மழைக்காலத்துத் திங்கள்கள் முழுதும் தனித்துத் தங்கினார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் இட்டுக் கடலில் எறிந்தார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் சிக்கியது. அந்த நல்லவர் அதனை உரியவருக்கு அஞ்சலில் அனுப்பிவைத்தார். பொருளுக்குப் புறம்பான செய்திதான். ஆயினும் அதனைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

1988ஆம் ஆண்டில் கல்லூரி மாணவர் சிலர் ஒன்றுகூடி, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு என்னும் பெயரால் அப்பணியை ஏற்றனர். அன்று தொட்டு ஆண்டுதோறும், ஊதியம் பெறாத இளைஞர்கள் நீலாங்கரையிலிருந்து பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் மணலில் நடந்து வருகின்றனர். ஒரு நாள் இரு நாள் அல்ல, முட்டையிடும் பருவம் முழுவதும் நடக்கின்றனர். வார இறுதி இரவுகளில் பிறரையும் உடன் அழைத்துச் செல்கின்றனர். 

மாசித் திங்களில் ஓர் இரவு நானும் அவர்களோடு நடந்தேன். எங்களோடு பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளும் இருந்தனர். புறப்படும்போதே மூன்று கட்டளைகள் இடப்பட்டன: விளக்கு ஏற்றலாகாது, படம் எடுக்கலாகாது, உரக்கப் பேசலாகாது. கைப்பேசியின் ஒளி அணைந்த முதல் சில நிமிடங்கள் பிள்ளைகளுக்கு எல்லாம் ஒரே இருளாகத் தோன்றியது. ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டனர். கால் மணி நேரம் கழிந்தது. கண்கள் பழகின. நுரையின் வெண்மை தெரிந்தது. நண்டு ஓடுவது தெரிந்தது. கட்டி வைத்த படகின் வளைவு தெரிந்தது. ‘சார், நிலா இல்லாமலே தெரிகிறதே!’ என்று ஒரு சிறுவன் மெல்லச் சொன்னான். விளக்கில்லாத இடத்தில் தன் கண்ணுக்கு இத்தனை ஆற்றல் உண்டு என்பதை அவன் பதின்மூன்று வயதில் முதன்முறையாக அறிந்தான். இதனை எந்த வகுப்பறையில் கற்பிப்பது?

முதல் இரண்டு மணி நேரம் எதனையும் காணவில்லை. கால்கள் சோர்ந்தன. ஒரு பெண் பிள்ளைக்கு உறக்கம் கண்ணைக் கட்டியது. ‘ஆமை வராவிட்டால்?’ என்று ஒருவன் கேட்டான். ‘வராவிட்டால் வராது, பல இரவுகளில் வருவதே இல்லை’ என்று வழிகாட்டிய இளைஞர் சொன்னார். அந்த விடை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காசு கொடுத்தால் காட்சி உண்டு என்று பழகிய பிள்ளைகளுக்கு, காத்திருந்தாலும் கிடைக்காமற் போகும் பொருளும் உலகில் உண்டு என்று யாரேனும் சொல்ல வேண்டாவா? கண்ணாடிப் பெட்டியில் உள்ள விலங்கு நம்மை ஏமாற்றாது. உயிருள்ளது ஏமாற்றும்; அதற்கு நம்மைப் பற்றிக் கவலை இல்லை.

கொட்டிவாக்கத்தைத் தாண்டியபின் முன்னே சென்றவர் கையை உயர்த்தினார். அலையோரத்திலிருந்து மேட்டை நோக்கி, வண்டிச் சக்கரம் உருண்டது போன்ற தடம் ஒன்று ஏறிச் சென்றது. இறங்கிய தடம் இல்லை. எல்லோரும் மணலில் அமர்ந்தோம். பத்தடிக்கு அப்பால், கரிய கற்பலகை போன்ற ஒன்று அசைந்துகொண்டிருந்தது.

பின் துடுப்புகளை மாற்றி மாற்றி இட்டு ஆமை குழி தோண்டியது. தன் முதுகுப் பக்கத்தில் நடப்பதை அது காண இயலாது. ஆயினும் ஒரு கை மண்ணை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, மறு கையால் அடுத்த பிடியை எடுக்கும் ஒழுங்கு பிறழவே இல்லை. குழி ஒன்றரை அடி ஆழம். வாய் குறுகி வயிறு பருத்த குடம் போன்றது. முட்டையிடத் தொடங்கியபின் அது பிறிதொன்றையும் பொருட்படுத்துவதில்லை என்பதால், அப்போதுதான் பிள்ளைகளைப் பின்புறமாக அருகே விட்டார்கள். வெள்ளை வெளேரென்று, மேசைப்பந்து அளவில், இரண்டும் மூன்றுமாக முட்டைகள் விழுந்தன. அதன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ‘அழுகிறது’ என்றாள் உறக்கம் கலைந்த அந்தப் பெண். கடல்நீரோடு உட்கொண்ட மிகையான உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பி வெளியேற்றுகிறது. அது துயரக் கண்ணீர் அன்று என்று விளக்கினார்கள். அவள் தலையசைத்தாள். முழுதும் ஒப்புக்கொண்டாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

முட்டையிட்டு முடிந்ததும் ஆமை மண்ணை மூடி, தன் உடலை இப்புறமும் அப்புறமும் தூக்கிப் போட்டு மணலை இறுக்கியது. ‘தொம், தொம்’ என்னும் அவ்வோசை எங்கள் காலடி மண்ணில் அதிர்ந்தது. பிறகு அது திரும்பியும் பாராமல் கடலுக்குள் இறங்கிற்று. தாயின் கடமை அவ்வளவே. இனி அந்த நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளுக்கு மணலும் வெயிலுமே செவிலித் தாயர். 45 முதல் 60 நாள்களில் அவை பொரியும். மணலின் வெப்பம் மிகுந்தால் பெண்ணும் குறைந்தால் ஆணும் பிறக்கும் என்பது வேறொரு விந்தை.

முட்டைகளை அங்கேயே விட்டுவிட்டால் என்ன? முன்னாளில் விட்டிருக்கலாம். இப்போது நாய்கள் தோண்டும், மனிதர் மிதிப்பர். அவற்றிற்குத் தப்பினாலும் விளக்குகளுக்குத் தப்புவது அரிது. இரவில் பொரிந்து வெளிவரும் குஞ்சு, ஒளி மிகுந்த திசையை நோக்கி ஓடும் இயல்புடையது. பண்டைக் காலத்தில் ஒளி மிகுந்த திசை கடலாக இருந்தது. விண்மீனின் ஒளியை நீர்ப்பரப்பு ஏந்திக் காட்டும். இன்று ஒளி மிகுந்த திசை சாலை. கடலை நாடி ஓடுவதாக எண்ணிக்கொண்டு அச்சிறு உயிர்கள் தெருவிளக்கை நோக்கி ஓடி, வண்டிச் சக்கரத்தில் நசுங்குகின்றன. அல்லது காலை வெயிலில் காய்ந்து மடிகின்றன. ஆகவே இளைஞர்கள் முட்டைகளை எண்ணி எடுத்து, துணிப்பையில் இட்டு, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் அதே வடிவில் குழி தோண்டிப் புதைக்கின்றனர். அன்று எண்ணியவர்கள் பிள்ளைகளே. இருமுறை எண்ணினார்கள், இரண்டும் ஒத்து வந்தபின்னரே ஏட்டில் எழுதினார்கள்.

‘இதெல்லாம் நமக்குப் புதிது, வெள்ளைக்காரர் கற்றுக் கொடுத்தது’ என்று நினைப்போருக்கு ஒரு செய்தி. அகநானூற்றின் 160ஆம் பாட்டு, கடலாமை அடும்பங்கொடி படர்ந்த மணல்மேட்டில் முட்டையிட்டு மறைத்து வைப்பதைக் காட்டுகிறது. முட்டையின் உருண்டை வடிவையும் புலால் நாற்றத்தையும் அது விட்டுவிடவில்லை. பாடியவர் குமிழி ஞாழலார் நப்பசலையார்; பெண்பாற் புலவர் என்று கருதப்படுபவர். குஞ்சு பொரியும்வரை ஆண் ஆமை முட்டைகளைக் காத்திருக்கும் என்று அவர் பாடியது மட்டும் இன்றைய அறிவியலுக்கு ஒவ்வாது. அதனால் என்ன? முட்டையின் நாற்றம் வரை அறிந்த ஒருவர், அதனைக் கண்டவராகவோ கண்டவர்பால் நேரே கேட்டவராகவோதான் இருக்க வேண்டும். ஆமை கரையேறுவதோ பெரும்பாலும் இரவில். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ப் பெண்ணின் பாட்டில் இடம்பெற்ற கடற்கரை இரவு, இன்று ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு ஏன் மறுக்கப்பட வேண்டும்?

மறுக்கப்படுகிறது என்பதே உண்மை. இக்கருத்தை நான் சொல்லும்போதெல்லாம் எழும் முதல் தடை அதுதான். ‘பெண் பிள்ளைகளை இரவில் வெளியே அனுப்புவதா?’ என்று தாய்மார் கேட்கின்றனர். அவர்கள் அச்சத்தை நான் எள்ளி நகையாடேன். அதற்குக் காரணம் உண்டு. ஆசிரியைகள் உடன் வரட்டும், தாய்மாரும் வரட்டும், காவல் வேண்டுமாயின் அதுவும் இருக்கட்டும். ஆனால் ஆண் பிள்ளைகளை மட்டும் அழைத்துச் சென்று, பெண் பிள்ளைகளுக்கு மறுநாள் வகுப்பில் படம் காட்டுவது என்று ஒரு பள்ளி முடிவு செய்யுமாயின், அந்நடையே வேண்டாம் என்பேன்.

‘உறக்கம் கெடும், உடல் நலியும்’ என்பது அடுத்த தடை. இதனைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. சிவன் இராத்திரியில் விழித்திருந்த பிள்ளைகள் அல்லரோ நம் முன்னோர்? விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்துவிட்டு, துரியோதனன் விழுந்தபின் எழுந்து வயலுக்குச் சென்றவர்கள் நம் பாட்டன்மார். இக்காலத்துப் பிள்ளைகள் கைப்பேசியின் முன் நள்ளிரவு வரை விழித்திருப்பதை வீட்டார் கண்டும் காணாமல் இருக்கின்றனர். ஆண்டில் ஓர் இரவு, அதுவும் மறுநாள் விடுமுறையாக உள்ள இரவு, கடற்காற்றில் நடப்பதனால் எந்த உடலும் கெட்டுவிடாது.

வலிமையான தடை வேறொன்று உண்டு. அதனை யாரும் கேட்பதில்லை. நானே கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கடற்கரைக்கு வந்தால் ஆமையின் கதி என்ன? கூட்டத்தையும் ஒளியையும் கண்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். ஆமையைக் காக்கக் கற்பிக்கப் போய் ஆமையையே விரட்டிவிட்டால் அது கல்வியாகுமா? ஆகையால் நான் வேண்டுவது பெருங்கூட்டம் அன்று. ஓர் இரவுக்கு 25 பிள்ளைகள் போதும். வாரத்திற்கு இரண்டு இரவு, பருவத்திற்குப் பன்னிரண்டு வாரம் என்று கொண்டாலும், ஆண்டுக்கு 600 பிள்ளைகளே நடக்க இயலும். சென்னையின் மாணவர் தொகைக்கு இது கடலில் கரைத்த பெருங்காயம் என்பதை அறிவேன். ஏனையோர் மாலையில் பொரிப்பகத்தைக் காணலாம்; குஞ்சுகள் கடல் சேர்வதைத் தொலைவில் நின்று பார்க்கலாம். தமிழகத்தின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்டது. கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் ஆமை வருகிறது. கடலில்லா மாவட்டத்தார் வருந்த வேண்டுவதில்லை. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 2022இல் தேவாங்குக்கென்றே கடவூர் சரணாலயம் அமைக்கப்பட்டது. தேவாங்கும் இரவில்தான் கண் விழிக்கும்.

அந்த 600 இடங்கள் யாருக்கு? இங்கேதான் என் வழக்கு இருக்கிறது. நியூயார்க்கிலும் இலண்டனிலும் பொருட்காட்சிச் சாலையில் ஓர் இரவு தங்குவதற்குப் பெறும் கட்டணம், நம் நாட்டுத் தொழிலாளியின் பல நாள் கூலிக்கு மேற்படும். அங்கே அது செல்வர் வீட்டுப் பிறந்தநாள் விருந்தாகவும் போய்விடுகிறது. இங்கும் கேட்டுத் தெரிந்து வருபவர்கள் பெரும்பாலும் செய்தி எட்டிய வீட்டுப் பிள்ளைகளே. அரசினர் பள்ளியிலும் மாநகராட்சிப் பள்ளியிலும் படிக்கும் பிள்ளைக்கு, ஊர்தி வேண்டும், இரவு உணவு வேண்டும், உடன்வரும் ஆசிரியருக்கு மறுநாள் ஓய்வு வேண்டும். இவை பெருஞ்செலவுகள் அல்ல. கல்வித்துறையும் வனத்துறையும் பொருட்காட்சிச் சாலையும் ஒன்றுகூடினால் எளிதில் நடக்கும். மாலையில் எழும்பூரில் பாடம் செய்த விலங்குகளையும் திமிங்கில எலும்பையும் காணட்டும். நள்ளிரவில் மணலில் உயிருள்ள ஆமையைத் தேடட்டும். செத்த காலேஜும் உயிர்க் காலேஜும் ஓர் இரவுக்கேனும் மீண்டும் ஒன்றாகட்டும். முதல் அழைப்பு, பொரிப்பகத்தின் வேலிக்கு அருகிலேயே வாழும் குப்பத்துப் பிள்ளைகளுக்குச் செல்லட்டும். அவர்கள் கேட்போராக மட்டும் வர வேண்டுவதில்லை. காற்றைப் பற்றியும் கடலைப் பற்றியும் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லுவோராகவும் வரலாம்.

காலம் தாழ்த்தலாம் என்று நினைப்போர் 2025ஆம் ஆண்டின் சனவரித் திங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். அத்திங்களில் சென்னையிலும் அதனை அடுத்த கரைகளிலும் ஆயிரத்திற்கு மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கியதாகச் செய்திகள் வந்தன. முட்டையிட வந்த தாய்கள்! ஆமை நீரில் வாழ்ந்தாலும் நுரையீரலால் மூச்சு விடுவது. அவ்வப்போது மேலே வந்து காற்றை உண்ண வேண்டும். இழுவைப் படகின் வலையில் சிக்கினால், வலையை இழுக்கும் நேரம் முழுவதும் நீருக்குள்ளேயே கிடந்து திணறி மாள்கிறது. அப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கலாகாது என்று விதி இருக்கிறது. ஆமை தப்பி வெளியேறுவதற்கு வலையில் பொருத்தும் கம்பிச் சட்டமும் இருக்கிறது. ஆமையோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற்பட்டியலில் இடம்பெற்று, புலிக்கு நிகரான காவலைச் சட்டத்தில் பெற்றிருக்கிறது. விதி இருந்தது, கருவி இருந்தது, சட்டம் இருந்தது, ஆயிரம் ஆமை இறந்தது. இச்செய்தியை நாளேட்டில் படித்த பிள்ளைகளுள் எத்தனை பேர் அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் நின்றிருப்பர்? ‘தொம், தொம்’ என்னும் அவ்வோசையைத் தன் காலடியில் ஒருமுறை கேட்ட பிள்ளை நின்றிருக்கும் என்று நம்புகிறேன். 

அன்று நாங்கள் பெசன்ட் நகரை அடைந்தபோது மணி நான்கைத் தாண்டியிருந்தது. முட்டைகளைப் புதைத்தபின் பிள்ளைகள் மணலிலேயே சாய்ந்து சிறிது நேரம் உறங்கினர். கிழக்கு வெளுத்தது. குப்பத்துப் படகுகள் சில கடலுக்குள் சென்றுகொண்டிருந்தன. படகுத்துறை அருகே முதியவர் ஒருவர் கால்களை நீட்டி அமர்ந்து, வலையை மடியில் பரப்பிப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தார். அழுகிறது என்று சொன்ன அந்தப் பெண்ணைப் பார்த்து, ‘என்ன பாப்பா, முட்டை கிடைத்ததா?’ என்றார்.

‘கிடைத்தது தாத்தா, நூற்றுப் பதினான்கு!’

‘நல்லது. முந்தாநாள் என் வலையில் ஒன்று மாட்டிக்கொண்டது. உயிரோடு இருந்தது. அறுத்து விட்டுவிட்டேன்.’

‘வலை என்ன ஆயிற்று, தாத்தா?’

அவர் மடியிலிருந்த வலையைத் தூக்கிக் காட்டினார். பொத்தல் ஒரு பாய் அகலம் இருந்தது. பாதிதான் அடைத்திருந்தார்.